உன் வாய்க்குப் பதிலாக ஒரு மூன்று மடிப்புக் காகிதம்

என் வாயாடி கமலாவுக்கு,

இரண்டாம் தடவையாக அச்சுக்குக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக் கழற்றினேன், காப்பிகூடப் போடவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன். முதல் தடவை அச்சடித்ததே எனக்குத் தெரியாதே, இவள் இரண்டாவது என்கிறாளே என்று நீ முழிப்பது தெரிகிறது. இரு, சொல்கிறேன். உன்னை மாதிரி நடுவில் ஆரம்பித்து முன்னும் பின்னும் ஓடாமல் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நம் காந்தா போர்வை வேலைக்கு ஒரு ப்ரோஷர் வந்துவிட்டது, கமலா! ட்ராமில் ஏறுகிறவர் கையில் எல்லாம் திணிப்பார்களே, அந்த நோட்டீஸ் ரகம் என்று நினைத்துவிடாதே. தடித்த காகிதம், கருநீல மை, மூன்றாக மடித்தால் உள்ளங்கை அகலம். மேலே ‘கமலா தீதியின் காந்தா’ என்று வங்காளியில், தமிழில், இங்கிலீஷில். தமிழ் மட்டும் என் கையெழுத்து. மாயவரத்தில் எட்டாவது வரை படித்தவளுடைய கையெழுத்தை அச்சில் பார்த்ததும் ப்ரெஸ் என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அண்ணாவுக்கு ஒரே வெட்கம்.

நீ சம்மதித்திருக்கமாட்டாய், அதுவும் தெரியும். போன வருஷம் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது என்ன சொன்னாய்? “நோட்டீஸா? எதுக்கு மன்னி? நான் ஒருத்தி நடமாடிண்டு இருக்கேனே, போறாதா?” என்றாய். போதுமாகத்தான் இருந்தது. நீ தோளில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் திரும்பும்போது பை கனத்திருக்கும். எந்த வீட்டிலும் பத்து நிமிஷத்துக்குள் அடுக்களை வரைக்கும் போய்விடுவாய். கல்கத்தாவிலேயே பிறந்தவள், உன் வங்காளியைக் கேட்டு மீன்காரனே உன்னை மெட்ராஸி என்று நம்பமாட்டான். பெட்டிக்குள் அடியில் கிடக்கும் அம்மா புடவையையும் பாட்டி புடவையையும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். நானும் தினம் மத்தியானம் தைக்க வரும் நம் மாலதி தீதியும் வீட்டில் உட்கார்ந்து அவற்றை அடுக்கி, நூலோட்டி, அவர்களுக்கே போர்வையாக்கிக் கொடுப்போம். பேச்சு உன் பங்கு, ஊசி எங்கள் பங்கு.

மாசியில் நீ போனாய். பன்னிரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, அண்ணா வீட்டிலேயே காலம் தள்ளினாள் என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இந்த வீட்டைத் தள்ளியதே நீதான் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது? சித்திரையில் உன் பையை நானே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உனக்கு ரொம்ப வேண்டிய அந்த சதர்ன் அவென்யூ அம்மாள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கதவைத் திறந்ததும், “கமலா தீதி எங்கே?” என்றாள். சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். டீ கொடுத்தாள், சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள், மறுபடியும் இரண்டு பேரும் அழுதோம். திரும்பி வந்து படியேறும்போதுதான் புடவை கேட்கவே இல்லை என்று ஞாபகம் வந்தது!

இரண்டாவது வீட்டில் இன்னும் மோசம். அங்கே உன்னைத் தெரியாது. என் அரைகுறை வங்காளியைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், “யார் எவரென்று தெரியாதவர் கையில் என் அம்மாவின் புடவையை எப்படிக் கொடுப்பேன்?” என்று. நியாயம்தானே? வெட்டித் தைக்கப்போகிற புடவை, பாழானால் திரும்பி வராது. நானாக இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

அதோடு பையை ஆணியில் மாட்டிவிட்டேன். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, புதிதாக ஒரு புடவை வரவில்லை. கையிலிருந்த வேலையெல்லாம் மழை தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. மாலதி தீதி வழக்கம்போல மத்தியானம் வந்து உட்காருவாள். தைக்க ஒன்றும் இருக்காது. என் ரவிக்கைக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பாள், உன் அண்ணாவின் குடையைத் தைப்பாள்.

ஆவணியில் ஒருநாள் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். கரியாஹாட் பக்கம் ரெடிமேட் துணி தைக்கிற இடம் ஒன்றில் மெஷின் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலையில் போனால் இருட்டும்வரை. “நான் போகணும்னு நினைக்கலை, பௌதி. ஆனா எத்தனை நாள் உங்க வீட்டு டீயைக் குடிச்சிண்டு சும்மா உட்கார்றது? காளி பூஜை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.” அவள் வங்காளியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், ‘பௌதி’யை மட்டும் மன்னி என்று மாற்ற மனசு வரவில்லை, உனக்கு அவள் குரலில் கேட்கும்.

அவள் போனால் நம் காந்தா முடிந்தது, கமலா. அந்த விரல் யாருக்கு வரும்? நான் தைத்தால் கோடு குடித்தவன் நடை மாதிரிதான் போகும் என்று நீயே சொல்வாய். உன்னைத்தான் என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை, நீ உண்டாக்கியதையும் விட்டுவிடுவதா என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கு உப்பில்லாத சாம்பார்.

அந்த வாரமே காளிகாட் போகிற ட்ராமில் யாரோ ஒரு தலைவலித் தைலத்தின் நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் ட்ராம் நின்று நின்றுதான் போகிறது. வேறு வேலையில்லாமல் இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தலைவலியே கிடையாது, இருந்தும் இறங்கும்போது அந்தத் தைலத்தை வாங்கலாமா என்று தோன்றிவிட்டது! பேசத் தெரியாதவளுக்கு இது போதுமே, காகிதம் போய்ப் பேசட்டுமே என்று அப்போதுதான் பிடித்துக்கொண்டேன்.

உன் அண்ணாவிடம் சொன்னேன். உன் பெயர் வரும் பேச்சென்றால் மாசியிலிருந்து எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிற மனுஷர், அன்றைக்குப் போகவில்லை. பேப்பர், பென்சில், ஸ்கேல் எல்லாவற்றோடும் வந்து உட்கார்ந்தார். கார்டன் ரீச் ஆஃபீஸில் இருபத்தைந்து வருஷமாக லெட்டர் எழுதுகிறவர், கேட்கவேண்டுமா? ஒரு பக்கம் எழுதிவிட்டார். உயர்திரு ஐயா, அம்மணி அவர்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், என்று இங்கிலீஷில். மாலதி தீதிக்கு அதை நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள், “யாராவது செத்துப்போயிட்டாங்களா?” என்று கேட்டாள். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் உன் அண்ணாதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

எழுத்து இருக்கட்டும், முதலில் படம் என்று முடிவு செய்தோம். மாலதி தீதியின் தம்பி ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறானே, அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காமிராவோடு வந்தான். வீட்டிலேயே அழகான காந்தா எது? நீ சொல்லச் சொல்லத் தீதி நம் வீட்டுக்கென்று தைத்தாளே, மேலே சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஒட்டுத் துணி, அதன்மேல் மீன், குடை, தென்னை மரம், மூலையில் உன் ட்ராம். அதை மொட்டை மாடிக் கொடியில் விரித்துக் கட்டினோம். புரட்டாசி வானம், ஒரே மேகம். அவன் ஐந்து படம் எடுத்துவிட்டான். “இன்னும் ஒண்ணு, பௌதி” என்று ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டிருக்கும்போது சுள்ளென்று வெயில் வந்துவிட்டது.

எனக்கு மேற்கொண்டு எதுவும் தோன்றவில்லை. சாயத் துணியை வெயிலில் போட்டால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடவேண்டும், இல்லையா? கல்யாணமாகி வந்த நாளாகக் கைக்குப் பழகின வேலை. ஓடிப்போய்க் காந்தாவைத் திருப்பிப் போட்டுவிட்டேன்! உன் சிவப்பு வெளுத்துவிடுமே என்ற பதைப்பு எனக்கு. அந்தப் பிள்ளையும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தவன், நான் ஏதோ கலையாக யோசித்துத்தான் திருப்பினேன் என்று நினைத்து க்ளிக் செய்துவிட்டான். அப்புறம் தெரிந்ததும், “ஒரு படம் வேஸ்ட்” என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு தோசை அதிகமாகப் போட்டேன்.

ஹாஜ்ரா பக்கம் சந்தில் இருக்கும் ப்ரெஸ்ஸைத் தீதிதான் காட்டினாள். முதலாளி மஜும்தார் பாபு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனுஷர். நல்ல படம் ஐந்தில் ஒன்றைப் பொறுக்கி பிளாக், அதுதான் படத்துக்கு அச்சுத் தகடு, செய்யக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்து ஒரு தாளில் எடுத்துக் காட்டினார்.

என்ன சொல்வேன்! உன் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் எல்லாம் ஒரே சாம்பல். மீனைக் காணோம், குடையைக் காணோம். மழை நாளில் வாசல் மிதியடியைப் படம் பிடித்த மாதிரி இருந்தது. மாலதி தீதி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் மனசுக்குள் கரியாஹாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

மஜும்தார் பாபு பாவம், சமாதானமாகச் சொன்னார். “பௌதி, ஒரே மையில் அடிக்கிறோம். பிளாக்குக்கு உங்க நிறமெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது வெள்ளை, கறுப்பு, ரெண்டுதான்.” பல நிறத்தில் அடிக்க நமக்கு எங்கே கட்டுப்படியாகும்? சரி, படத்தையெல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்று உறையை வாங்கினேன். வாங்கின வேகத்தில் அது தலைகீழாகி எல்லாம் மேஜைமேல் கொட்டிவிட்டது. மனுஷர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். ஒரு படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். “இது என்ன? இதை ஏன் எனக்கு முதல்ல காட்டலை?” என்று கத்தினார்.

வேஸ்ட் என்று ஒதுக்கிய படம்! காந்தாவின் முதுகு!

அடிப்பக்கத்துக்கு நாம் என்ன போடுவோம்? உன் அண்ணாவின் பழைய மல் வேஷ்டி. துவைத்துத் துவைத்து வெளுத்த வெள்ளை. அதன்மேல் புடவைக் கரையிலிருந்து உருவின கருநீல நூல். ஒட்டுத் துணியின் நிறம் ஒன்றும் அந்தப் பக்கம் வராது, ஊசி போன வழி மட்டும்தான் வரும். மீன் தனியாக மீனாக, குடை குடையாக, மூலையில் உன் ட்ராம் கம்பி முதற்கொண்டு. யாரோ பேனாவால் புள்ளி புள்ளியாக வரைந்த மாதிரி அத்தனை தெளிவு. “இதுக்குச் சாம்பல் காட்டற புள்ளி பிளாக்கே வேண்டாம், கோடு மட்டும் விழற லைன் பிளாக் போதும், செலவும் பாதி” என்றார் மஜும்தார் பாபு. மாலதி தீதி படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். “இத்தனை வருஷமா நான் தைச்சதை இப்பத்தான் பாக்கறேன், பௌதி” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சந்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறைதான். கரண்ட் வேறு போய்விட்டது. அவர் மெஷினோ காலால் மிதிக்கிற மெஷின், லோட் ஷெடிங் அதை என்ன செய்யும்!

அங்கேயே நின்றபடி இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவரிடம் வங்காளி எழுத்து இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது, தமிழ் எழுத்து கிடையாது. “நீங்களே எழுதிக் கொடுங்க, அதையும் லைன் பிளாக் ஆக்கிடலாம்” என்றார். என் கையெழுத்து ஏறிய கதை அதுதான்.

அப்புறம் வந்ததே ஜுரம் எனக்கு! அடுக்களையில், குளிக்கும்போது, ட்ராமில், எப்போதும் அதே நினைப்பு. உன் அண்ணாவின் ஃபுல்ஸ்கேப் தாளை மடித்து மடித்துப் பார்த்தேன். எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிற அளவு! அது என் யோசனை, கமலா, முழுக்க என்னுடையது. நவராத்திரி வருகிறது. உன் வருஷம் முடியாததால் நம் வீட்டில் கொலு இல்லை. ஆனால் கீழ்வீட்டுப் பட்டம்மா மாமி வீட்டுக்கு லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பம் அத்தனையும் வருமே. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன் அடியில் நம் காகிதம். மூன்று மடிப்பு வந்தது அதனால்தான். வங்காளி வீடுகளுக்கு? பூஜை முடிந்து பிஜோயாவுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இனிப்போடு போவார்கள் அல்லவா, தீதி தன் தேங்காய் உருண்டை டப்பாவோடு அதையும் எடுத்துப்போவதாகச் சொன்னாள். வெளியாள் கொடுத்தால் கசக்கிப் போடுவார்கள். தாம்பூலத்தில் வந்ததை யார் எறிவார்கள்?

வாசகத்துக்குத்தான் ரொம்பத் திண்டாடினேன். அழகான போர்வை, மலிவான விலை, ஒருமுறை வாங்கினால் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், தலைவலித் தைலம் மாதிரியே இருந்தது. கடைசியில், நீ ஒரு வீட்டுக்குள் போய் முதலில் என்னதான் பேசுவாய் என்று தீதியைக் கேட்டேன். நீ போர்வையைப் பற்றிப் பேசவே மாட்டாயாமே! கேள்வி கேட்பாயாம். அந்தக் கேள்வியைத்தான் முன் மடிப்பில் போட்டேன்: ‘உடுத்தவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் மனம் வராமல் ஒரு புடவை உங்கள் வீட்டில் இருக்கிறதா?’ வேறு ஒன்றும் இல்லை, கீழே மீன் மட்டும்.

பிரித்தால் உள்ளே காந்தாவின் முதுகு, முழுப் பக்கம். பக்கத்தில் நம் வழக்கம். நீ வைத்த சட்டம்தானே அது, புடவைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அது யாருடையது, எப்போது கட்டியது என்று சொல்லி முடிக்காமல் கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது என்பது. அதை அப்படியே எழுதினேன்: ‘நீங்கள் சொல்லாமல் நாங்கள் வெட்டமாட்டோம்.’ யார் எவரென்று தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டாளே அந்தப் பெண், அவளுக்கு வாசலில் நின்று நான் சொல்லியிருக்கவேண்டிய பதில்.

கடைசி மடிப்பில் உன் அண்ணா பிடிவாதமாக ஒரு ஃபாரம் வைத்தார். “ஃபாரம் இல்லாம ஒரு விஷயம் எப்படி நடக்கும்?” என்று கேட்கிறவரிடம் என்ன சொல்ல? புள்ளிக்கோட்டில் வெட்டித் தபாலில் அனுப்பவேண்டும். பெயர், விலாசம், புடவை எத்தனை, பருத்தியா பட்டா, என்று அவர் வரிசையாகக் கோடு போட்டார். அதில் யாருடைய புடவை, யாருக்காகப் போர்வை என்று இரண்டு வரி நான் சேர்த்தேன். “கடைசியில் குறிப்பு என்று ஓர் இடம் விடணும், ஆஃபீஸ் ஃபாரத்திலெல்லாம் இருக்கும்” என்றார். விட்டோம்.

கொலுவில் பட்டம்மா மாமி கொடுத்தாள். பிஜோயாவில் தீதி கொடுத்தாள். அதற்குப் பிறகு பார், தபால்காரன் வரும் நேரத்துக்கு நானும் தீதியும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பத்து நாள், ஒன்றும் இல்லை. நம் தீபாவளியோடு வரும் காளி பூஜைக்குப் பந்தல் கட்ட மூங்கில் வந்து இறங்கிவிட்டது. “போறும் பௌதி, நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க” என்று அவள் என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டாள். அவள் தேற்றினால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

காளி பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் கதவைத் தட்டினார்கள். யார் தெரியுமா? முன்னே கதவிலேயே என்னைத் திருப்பி அனுப்பினாளே, அந்தப் பெண்! கையில் நம் ப்ரோஷர், கக்கத்தில் ஒரு மூட்டை. பக்கத்து வீட்டில் பிஜோயாவுக்குப் போன இடத்தில் பார்த்தாளாம், ஃபாரத்தை அனுப்பப் பொறுமையில்லாமல் தானே வந்துவிட்டாளாம். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மூட்டையைப் பிரித்தாள். வெள்ளைப் புடவை, சிவப்புக் கரை, ஆறு.

நான் பேசவேண்டும், கமலா. நீ இல்லை, தீதி அடுக்களையில் இருக்கிறாள். மேலே இருந்த புடவையைத் தொட்டுக் காட்டினேன். “ஏடா கார் ஷாடி?” என்றேன். இது யாருடைய புடவை, அவ்வளவுதான். மூன்று வயதுக் குழந்தை கேட்கும் வங்காளி. அவள் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பேசினாள்! பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியில் அவள் அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை, மழையில் ரிக்‌ஷா ஏறமாட்டாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே போவாள். அவள் சொல்லி முடித்ததும் நான் தைரியமாக இன்னொரு கேள்வி கேட்டேன். அவள் சிரித்தாள். உள்ளே இருந்து தீதி டீயோடு வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

அந்தப் பெண் போனதும் தீதி மூட்டையை மடியில் எடுத்துவைத்துத் துணியைத் தடவிப் பார்த்தாள். “மெஷின் வேலைக்கு அவங்க வேற ஆளைப் பாத்துக்கட்டும்” என்றாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? அவளைக் கட்டிக்கொண்டேன். டீ இரண்டு பேர் மேலும் கொட்டியது.

அதற்கப்புறம் தபால் வர ஆரம்பித்தது. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒன்று, பட்டம்மா மாமியின் சம்பந்தி வீட்டிலிருந்து ஒன்று, சதர்ன் அவென்யூ அம்மாளிடமிருந்து ஒன்று. அவள் இந்தத் தடவை அழாமல் வருவதாகக் குறிப்பில் எழுதியிருந்தாள். குளிருக்கு முன்னால் வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அடித்த ப்ரோஷரெல்லாம் தீர்ந்துபோய்விட்டது, அதனால்தான் இன்றைக்கு மஜும்தார் பாபுவிடம் மறுபடியும் போனது.

போகும்போது கைப்பைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு போனேன். காலையில் வந்த தபால். அதைச் சொல்லத்தான் காப்பிகூடப் போடாமல் உட்கார்ந்தேன்.

இதுவரை உனக்கு ஒன்றைச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் உன் அண்ணா உன் புடவைகளையெல்லாம் உன் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஆஃபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்காவது கொடுக்கவேண்டும் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவர் சாவியைக் கொண்டுவரவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஊராருக்கெல்லாம் அந்தக் கேள்வியை அச்சடித்துக் கொடுத்த நான் அவரிடம் கேட்கவில்லை, பார்.

காலையில் வந்த உறை கார்டன் ரீச் தபாலாபீஸ் முத்திரையோடு இருந்தது. உள்ளே நம் ஃபாரம், புள்ளிக்கோட்டில் ஸ்கேல் வைத்து வெட்டினது. பெயர் என்ற இடத்தில் இனிஷியலோடு உன் அண்ணாவின் பெயர். விலாசம், நம் வீட்டு விலாசம்! புடவை எத்தனை, பதினொன்று. யாருடைய புடவை, என் தங்கையுடையது. யாருக்காக, என் மனைவிக்காக. குறிப்பு என்று பிடிவாதமாக இடம் விட்டாரே, அதில் பொடி எழுத்தில், ‘அவள் குளிர் தாங்கமாட்டாள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.’ ஃபாரத்தின் மூலையில் குண்டூசி குத்தி, அதில் நூலால் கட்டிய உன் பெட்டிச் சாவி.

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை எனக்கு அவர் தபாலில் போட்டிருக்கிறார், கமலா! எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, தபால்காரன் கீழே நின்று என்னமோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தான்.

இன்னும் அரை மணியில் வந்துவிடுவார். காப்பி கொடுப்பேன். தபால் வந்ததைப் பற்றி மூச்சுவிடமாட்டேன், அவரும் விடமாட்டார். அப்புறம் பெட்டியை இழுத்துக் கூடத்தில் போட்டு, அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைப்பேன். பதினொரு புடவையையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது எப்போது வாங்கினது, இதைக் கட்டிக்கொண்டு கமலா எங்கே போனாள் என்று கேட்பேன். மாசியிலிருந்து உன் பெயரை வாயில் எடுக்காத மனுஷர் இன்றைக்கு எழுந்து பால்கனிக்குப் போகமுடியாது. ஆர்டர் கொடுத்துவிட்டாரே! அவர் சொல்லி முடிக்காமல் நான் வெட்டமாட்டேன், எத்தனை நாள் ஆனாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

பேசக் கற்றுக்கொண்டுவிட்ட உன் மன்னி,
லலிதா